கையால் எழுதும் கடைசி வரி

கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் பெருக்கல் குறி போடுவோமே, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். வக்கீல் குமாஸ்தாவாக இந்த மலையில் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்தக் குறியை மற்றவர்களுக்காகப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, மூன்று மாதத்துக்கு முன்னால், அந்தக் குறிக்கு நேராக என் கையே பேனாவோடு வந்து நின்றது. அன்று பிடித்த பயம் இன்னும் முழுதாக விடவில்லை. செல்போன் அடித்தால் யார் என்று பார்ப்பதையே தள்ளிப்போடுகிறேன்.

இதைப் படிக்கப்போகிற புதுக் குமாஸ்தாக்கள் நீங்கள் எல்லாரும் என் மகள் வயதுக்காரர்கள். எந்த மனுவை எந்த ஜன்னலில் கொடுப்பது, எதற்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்டுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வித்தையை நான்தான் உங்களிடம் கற்க வேண்டும். அதனால் அதையெல்லாம் விட்டுவிட்டு, நாம் ஒரு நாளைக்கு முப்பது தடவை உச்சரிக்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அஃபிடவிட்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்யாணமாகி இந்த மலைமேல் சித்திரபுரத்துக்கு வந்தேன். வீட்டுக்காரருக்கு மின்சார வாரியத்தில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. பி.ஏ. படித்துவிட்டு ஜன்னல் வழியாக மூடுபனியையே எத்தனை நாள் பார்ப்பது? தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று ஒரு வக்கீல் தேடிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்தேன். அவர் பெயரை இங்கே எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சீனியர் என்றே சொல்கிறேன்.

நம் மலையில் இருக்கிற சிக்கல் உங்களுக்குத் தெரியும். கோர்ட் தாள் மலையாளத்தில் இருக்கும், அதில் கையெழுத்துப் போடுகிறவர் தமிழ் பேசுவார். மலையாளத்தில் சத்தியவாங்மூலம், தமிழில் பிரமாணப் பத்திரம், எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் வெறும் 'அப்டவிட்டு'. பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். நான் இன்னார், இதில் எழுதியிருப்பது உண்மை என்று ஆணையிட்டுக் கோர்ட்டுக்குக் கொடுப்பது. தாளின் அடியில் ஒரு வரி இருக்கும்: 'மேற்கண்ட விவரங்கள் தமிழில் வாசித்து விளக்கப்பட்டன, சரியென்று ஒப்புக்கொண்டார்.' அதற்குக் கீழே வாசித்துக் காட்டியவர் என்று குமாஸ்தா கையெழுத்துப் போட வேண்டும்.

அந்த வரியை நாங்கள் முதலிலேயே டைப் செய்துவிடுவோம். வாசிப்பதற்கு முன்பே வாசித்தாகிவிட்டது என்று தாள் சொல்லும். அதோடு ஒரு மடிப்பும் உண்டு. தாளின் மேல்பகுதியைப் பின்னால் மடக்கி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் நான்கு விரல்கடை தெரியும்படி அடுக்கி வைப்பது. பென்சில் குறியைக் காட்டி, 'இங்க, இங்க, இங்க' என்றால் பத்து நிமிடத்தில் பத்து தாள் முடிந்துவிடும். அந்த மடிப்பில் என் வேகம் யாருக்கும் வராது என்று எனக்கு ஒரு கர்வமே இருந்தது.

அந்தக் கர்வத்தை இறக்கி வைத்தவர் செல்லத்தாய்.

சின்னக்கானலில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தங்கை இறந்துபோய், தங்கையின் ஐந்து வயதுப் பெண்ணை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தையின் அப்பன் என்றோ மலையை விட்டுப் போனவன். போனவனைப் பற்றித் தகவலே இல்லை. திடீரென்று அவனுடைய அண்ணன்மார் போடியிலிருந்து வந்து, எங்கள் வீட்டுப் பிள்ளை, கொண்டுபோகிறோம் என்று நின்றார்கள். செல்லத்தாயைக் காப்பாளராக்கச் சொல்லி மனுப் போட்டோம்.

மனுவோடு சேரும் அஃபிடவிட்டை, அதற்கு முந்தின மாதம் வேறொரு குழந்தைக்காகச் செய்ததைப் பார்த்து நான் தயார் செய்தேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். நான்காவது பத்தியை மாற்ற மறந்தேன். அந்தப் பழைய குழந்தைக்கு அப்பா இறந்திருந்தார்.

கையெழுத்து வாங்கிய நாளில் என் மகள் நித்யாவுக்குக் காய்ச்சல். அவளுக்கு அப்போது நான்கு வயது. எப்போது கிளம்பலாம் என்று என் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மடித்த தாள்களை நீட்டினேன்.

"ஏ தாயி, இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுதியா?" என்றார் செல்லத்தாய்.

"நீங்க அன்னிக்குச் சொன்னதுதானுங்க. வேற என்ன இருக்கப் போவுது? இங்க போடுங்க."

"அப்பச் சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன்.

விசாரணை அன்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "இறந்துபோனதாகச் சத்தியம் செய்யப்பட்ட தகப்பன் இதோ நிற்கிறார்" என்றார். பின்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஒரு ஆள் கும்பிட்டான். யாரோ சிரித்தார்கள். ஜட்ஜ் சிரிக்கவில்லை. தாளை எடுத்து அடிவரியைப் பார்த்தார். கூண்டுப் பக்கத்தில் மொழிபெயர்க்க நின்றவள் நானேதான். என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார், "இதை அவருக்கு வாசித்துக் காட்டினார்களா என்று கேளுங்கள்."

நான் கேட்க வேண்டியிருந்தது. என்னைப் பற்றி, நானே.

"உங்களுக்கு இதை வாசிச்சுக் காட்டினாங்களான்னு ஐயா கேக்கறாங்க."

செல்லத்தாய் என் முகத்தைப் பார்த்தார். ஒரு நொடிதான் இருக்கும். பிறகு ஜட்ஜ் பக்கம் திரும்பினார்.

"வாசிச்சாகய்யா. நல்லாத்தான் வாசிச்சாக. நான்தான் காதுல வாங்கல."

இளம் நண்பர்களே, அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் அவர் சொன்னதை அப்படியே மலையாளத்தில் திருப்பிச் சொன்னேன். தெளிவாக, சரியான உச்சரிப்போடு. முதல் தப்பு அவசரத்தில் செய்தது. இதை அவசரத்தில் செய்தேன் என்று சொல்ல முடியாது.

பொய்ச் சத்தியம் செய்கிறவரிடம் ஒரு குழந்தையை எப்படி ஒப்படைப்பது என்று ஜட்ஜ் சீனியரைக் கேட்டார். மதியத்துக்கு மேல் பார்க்கலாம் என்று தள்ளி வைத்தார்.

வெளியே வந்ததும் செல்லத்தாயைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன? அத்தனை பேருக்கு முன்னால உன்னைக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியா? வேலை போயிரும்லா. உனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்கு."

"உங்க புள்ள போயிருமுங்களே!"

"அதுக்குத்தான நீ இருக்கே. போயி என்ன செய்யணுமோ செய்யி." மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து என் கையில் வைத்தார். "மொதல்ல இதத் தின்னு. மூஞ்சியப் பாரு, வெளுத்த துணி மாதிரி."

சீனியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவருடைய தமிழ் எப்போதும் பாதி மலையாளம். "மல்லிகே, அப்போ நீ தர்ஜமா செய்ததும் கள்ளம்தானே?" நான் மொழிபெயர்த்ததும் பொய்தானே என்று கேட்கிறார்.

"ஆமாங்க சார்."

"இனி அவருடெ அஃபிடவிட் வேண்டா. உன்டேது வேணும். எழுது."

என் வாழ்க்கையில் நான் ஆணையிட்டுக் கொடுத்த முதல் அஃபிடவிட் அதுதான். நான்காவது பத்தி என் பிழை, வாசித்துக் காட்டவில்லை, கோர்ட்டிலும் உண்மையைச் சொல்லாமல் மொழிபெயர்த்தேன். மூன்று பத்தி. எழுதி முடித்து எழுந்தபோது செல்லத்தாய் வாசலை மறித்து நின்றார். "அதையும் எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுப் போ. இனிமே உன்னை நம்ப மாட்டேன்" என்று சிரித்தார். வாசித்துக் காட்டினேன். வரி வரியாக, தமிழில்.

ஜட்ஜ் அதைப் படித்துவிட்டு, எல்லாரும் கேட்க என்னைத் திட்டினார். நீளமான திட்டு. இடையில் நிறுத்தி, "இதையும் அவருக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றார். என் திட்டை நானே மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் விடவில்லை. பாதியில் செல்லத்தாய் கைகூப்பி, "போதும்யா, புள்ள அழுதுரும்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அப்போதுதான் ஜட்ஜின் முகம் கொஞ்சம் இளகியது. குழந்தை செல்லத்தாயிடமே இருக்க உத்தரவானது. அப்பனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்க்க அனுமதி. அவன் இரண்டு ஞாயிறு வந்தான்.

அந்த வாரம் ஆபீஸில் இருந்த தடித்த சட்ட அகராதியை எடுத்து, அஃபிடவிட் என்ற பக்கத்தைத் திறந்தேன். அத்தனை வருடம் அதை ஒரு தாளின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அது ஒரு முழு வாக்கியம். லத்தீனில், 'அவர் ஆணையிட்டுச் சொன்னார்' என்று பொருள். 'அஃபிடாரே' என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குள்ளே இருப்பது 'ஃபிடெஸ்', நம்பிக்கை. அதாவது, அவர் நம்பிக்கை கொடுத்தார். அதே வேரிலிருந்துதான் நிச்சயம் செய்த மாப்பிள்ளையை ஆங்கிலத்தில் 'ஃபியான்சே' என்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. கோர்ட்டில் கொடுப்பதும் கல்யாணத்துக்குக் கொடுப்பதும் ஒரே வாக்குத்தான் போலிருக்கிறது என்று சீனியரிடம் சொன்னேன். "ரெண்டிலும் ஆள் வாசிக்காதெ ஒப்பிடும்" என்றார். ஆள் வாசித்துப் பார்க்காமல்தான் கையெழுத்துப் போடுவான் என்று அர்த்தம்.

சிரித்தேன். ஆனால் அந்த வாக்கியத்தின் முதல் சொல் என்னை விடவில்லை. 'அவர்'. செல்லத்தாய் ஆணையிட்டுச் சொன்னார் என்று தாள் சொல்லியது. சொன்னது செல்லத்தாய் இல்லை, நான். அவர் நம்பிக்கை கொடுத்தது உண்மைதான்; கோர்ட்டுக்கு இல்லை, எனக்கு. 'நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.'

அன்றுமுதல் எங்கள் ஆபீஸில் அந்தக் கடைசி வரியை டைப் செய்வதில்லை. இடம் விட்டுவிடுவோம். வாசித்துக் காட்டிய பிறகு, வாசித்தவர் தன் கையால் எழுத வேண்டும். தாளை மடிப்பதும் நின்றது. கோர்ட்டில் சிலர் கேலி செய்தார்கள், 'சித்திரபுரம் அக்கா இன்னும் சிலேட்டு யுகத்துல இருக்காங்க' என்று. எழுதிக்கொண்டே இருந்தேன். எனக்குப் பிறகு வந்தவர்களும் எழுதுகிறார்கள்.

இப்போது என் மகளின் கதை. இதை எழுத வேண்டுமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்கம்மா, ஆனா அழுதுட்டே எழுதாதீங்க" என்றாள்.

நித்யாவுக்கு இருபத்து நான்கு வயது. ஒரு தங்கும் விடுதியில் வரவேற்பு மேஜை வேலை. ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு, தங்கியிருந்த ஒரு குடும்பத்தின் அறை திறக்கப்பட்டு நகை காணாமல் போனது. அறையைத் திறந்த சாவி அட்டை நித்யா பெயரில் பதிவாகியிருந்தது. அவளுக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. அட்டையை மேஜையில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்கிறாள். வாங்கிக்கொண்டதை யாரும் எழுதி வைக்கவில்லை. போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்தது. இரண்டு மணிக்கு மேல் எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு, "சும்மா வெளியே போயிருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது முறை கூப்பிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார்.

வீட்டுக்காரர் அறுவடைக்காகக் கொழிஞ்சாம்பாறைக்குப் போயிருந்தார். எங்கள் பழைய ஆபீஸுக்குப் போன் செய்தேன். அங்கே இப்போது இருக்கும் ஜூனியர் வக்கீல், முன்ஜாமீன் மனு போட்டுவிடலாம், அம்மா என்ற முறையில் நீங்கள் ஒரு அஃபிடவிட் கொடுங்கள் என்றார். போனில் நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவே இல்லை.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனோம். நித்யா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே ரேவதி தாளோடு காத்திருந்தாள். ரேவதி உங்களில் ஒருத்தி. செல்லத்தாயின் ஊரான சின்னக்கானல் பெண், நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம் வேலைக்கு வந்தவள். மலையாளம் எனக்கு அவளைவிட நன்றாக வரும்.

பேனாவை எடுத்தேன். "எங்க போடணும்?"

"இருங்க மல்லிகாக்கா. கடைசி வரி இன்னும் எழுதல."

"எழுது. நான் போட்டுர்றேன்."

"வாசிக்காம எப்படி எழுத?"

"ஏன் ரேவதி, எனக்கு மலையாளம் தெரியாதா? பதினொரு மணிக்குள்ள தாக்கல் பண்ணணும். குடு இங்க."

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். "மலையாளம் தெரிஞ்ச குமாஸ்தா நீங்க. ஆனா இன்னைக்கு நீங்க குமாஸ்தா இல்லக்கா. கட்சிக்காரங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். வாசிக்கத் தொடங்கினாள். ஒரு வரியை வாசித்துவிட்டு, அதை எங்கள் பேச்சில் சொன்னாள். முதல் பத்தி, நான் இன்னாரின் தாய். இரண்டாவது, மகள் படித்தது, வேலை பார்ப்பது. மூன்றாவது.

"'அன்று மதியம் இரண்டரை மணி முதல் என் மகள் என்னோடு வீட்டிலேயே இருந்தாள்.'"

அது என் குரல். போனில் அழுதுகொண்டே நான் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவ வீட்லதான் இருந்தா, எங்கூடத்தான் இருந்தா. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. பயத்தில் நாக்கு தானாகச் சொன்னது. நித்யா அன்று வீட்டுக்கு வந்தது ராத்திரி எட்டு மணிக்கு.

ரேவதி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரியாக்கா?"

உங்களிடம் மறைக்க மாட்டேன். சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வாசித்துக் கேட்ட பிறகும், பொய் என்று தெரிந்த பிறகும். என் பிள்ளையை ஸ்டேஷனில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற ஒன்றைத் தவிர வேறு எதுவும் மனசில் இல்லை. இத்தனை வருடம் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. எதிர்ப்பக்கம் நின்று நான் பார்த்ததெல்லாம் கடிகாரத்தைத்தான்.

பேனாவை வைத்துவிட்டு வெளியே போனேன்.

"நித்யா, அன்னிக்கு ரெண்டு மணிக்கு மேல எங்கடி போயிருந்தே?"

தலை குனிந்தாள். "அடிமாலி."

"அங்க என்ன?"

"ஆஸ்பத்திரிம்மா."

அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். "உனக்கென்னடி கண்ணு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. ஒருத்தரோட அம்மாவுக்கு ஆபரேஷன். கூட இருக்க ஆள் இல்லன்னு போனேன்."

"எந்த ஒருத்தர்?"

"ஆனைக்கரை."

"அது ஊர் பேராடி, ஆள் பேரா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனைக்கரையில் ஏலத்தோட்டம் இருக்கிற வீட்டுப் பையனாம். இரண்டு வருடமாகப் பழக்கமாம். ஆஸ்பத்திரி வாசலில் பெயரும் நேரமும் எழுதித்தான் உள்ளே விட்டார்களாம். அந்தச் சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினாள். மூன்று ஐம்பது என்று போட்டிருந்தது. அடிமாலியிலிருந்து பத்து நிமிடத்தில் விடுதிக்கு வந்து சேர யாராலும் முடியாது.

"இதைப் போலீஸ்ல ஏன்டி சொல்லல?"

"அங்க சொன்னா அடுத்த நிமிஷம் உங்களுக்குத் தெரியும்."

"ஜெயிலுக்குப் போனாலும் போவே, எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"நீங்க பயந்துருவீங்கன்னுதான்மா."

உண்மைதான். காய்ச்சல் என்றால் பயந்தேன், பஸ் அரை மணி தாமதமானால் பயந்தேன், வளைவில் மண் சரிந்தது என்று கேட்டால் அவள் வந்து சேரும்வரை வாசலிலேயே நின்றேன். என் பயத்துக்குப் பயந்து, என் பெண் தன்னைக் காப்பாற்றக்கூடிய உண்மையைப் பர்ஸுக்குள் மடித்து வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். "அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன். அதற்குத்தான் அவள் அதிகம் அழுதாள்.

ஜூனியர் வக்கீலிடம் சீட்டைக் கொடுத்தோம். நித்யாவின் மனு மாறியது. என் மூன்றாவது பத்தியை நானே சொல்ல, ரேவதி டைப் செய்தாள். 'அன்று என் மகள் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பினாள். அதுவரை எங்கே இருந்தாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.' ஒரு அம்மா ஆணையிட்டுக் கொடுப்பதற்குக் கஷ்டமான வாக்கியம். இரண்டு தடவை டைப் செய்வதை நிறுத்தச் சொன்னேன். இரண்டு தடவையும் அவள் காத்திருந்தாள், கடிகாரத்தைப் பார்க்காமல்.

பதினொரு மணிக்குத் தாக்கல் செய்ய முடியவில்லை. மறுநாள்தான் முடிந்தது. அந்த ஒரு இரவை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். முன்ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை. நகை கிடைக்கவில்லை, நித்யா வேலைக்குத் திரும்பவில்லை. போன் அடித்தால் இன்னும் பயமாகத்தான் இருக்கிறது. பயப்படுவதை அவளிடம் சொல்லிவிட்டுப் பயப்படுகிறேன், அவ்வளவுதான் மாற்றம். போன வாரம் ஆனைக்கரையிலிருந்து அந்தம்மா ஏலக்காய் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. உங்கள் எதிரே உட்கார்ந்திருப்பவர் படித்தவர், மலையாளம் தெரிந்தவர், உங்களுக்கே வேலை சொல்லிக்கொடுத்தவர் என்றெல்லாம் பார்த்து விட்டுவிடாதீர்கள். முக்கியமாக, அவர் 'குடு இங்க' என்று அதட்டினால் கொடுக்காதீர்கள்.

என் அஃபிடவிட்டின் நகல் இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. அன்று புது மூன்றாவது பத்தியையும் வாசித்துக் காட்டி, நான் சரி என்று சொன்ன பிறகு, ரேவதி பேனாவை எடுத்துக் கடைசி வரியைக் கையால் எழுதினாள். 'தமிழில் வாசித்து விளக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறாள். எனக்கு மலையாளம் தெரியும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். 'தமிழில்' என்ற அந்தச் சொல்லை அடிக்கச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு பென்சில் குறிக்கு நேராக என் பெயரை, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக எழுதினேன்.